பல்லைப் பிடித்துப் பார்!

சைக்கிள் கடையின் முன்பக்கத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் பெயிண்ட், ஹேண்டிலில் தொங்கும் விலைச்சீட்டு, "இதுலயே நீலம் இருக்கா?" என்று கேட்கும் அப்பாக்கள். நான் சொல்லப்போவது பின்கட்டைப் பற்றி. பாரிமுனைப் பக்கத்தில் ஒரு பழைய கடை. கல்லாவைத் தாண்டி, அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்தால் ஓர் அறை. கூரைக் கொக்கிகளில் கியர் இல்லாத சைக்கிள்கள் நான்கு, பின்சக்கரம் நம் முகத்துக்கு நேரே வரும்படி தொங்குகின்றன. கிரீஸ் வாசனை, பஞ்சர் சொல்யூஷன் வாசனை, யாரோ குடித்துவிட்டு வைத்த டீ வாசனை. "செருப்பைக் கழட்டாதீங்க சார், போக்ஸ் கம்பி குத்தும்" என்றார் மேஸ்திரி. நான் நிஜமாகவே கழற்றப் போயிருந்தேன். அப்படி ஒரு பரவசம்!

விஷயம் இதுதான். தினமும் வேலைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டுக்காடு வரை ஒரு மிதி, மனம் வந்தால் ஏதாவது ஏரிக்கரை மண்பாதை. ஒரே சைக்கிள், ஒரே கியர். எதை வாங்குவது? கேள்வி என்னுடையதல்ல, வேளச்சேரியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுடையது. அவருக்குக் காட்டத்தான் நான்கு வண்டிகளையும் கொக்கியில் ஏற்றியிருந்தார்கள். ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு, வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்க எனக்கு அனுமதி. ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாயைத்தான் மூட முடியவில்லை.

கியர் வண்டி ஏன் வேண்டாம் என்று மேஸ்திரி முதலில் கேட்டார்.

"ஏழு கியர் வண்டி ஒண்ணு வெச்சிருந்தேண்ணா. வாங்கின நாள்லேர்ந்து நாலாவதுலயே ஓட்டினேன். மாத்தினா கடகடன்னு சத்தம் வரும், பயமா இருக்கும்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. சரியான பதில் சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல் தலையாட்டினார். சென்னையில் ஏற்றம் என்று பார்த்தால் பரங்கிமலை, பல்லாவரத்துக் குன்று, மீதியெல்லாம் மேம்பாலம். தட்டையான ஊருக்கு ஒரு கியர் தாராளம். அந்த ஒன்று எது என்பதில்தான் கூத்தே இருக்கிறது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிறதே விலையில்லா சைக்கிள், அதற்கு வேண்டுமானால் இந்தப் பழமொழி பொருந்தும். காசு கொடுத்து வாங்கும் வண்டியைக் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது மேஸ்திரியின் கட்சி. பேச்சுக்குச் சொல்லவில்லை, எண்ணவே சொன்னார். பெடலோடு சுற்றும் செயின்வீலில் எத்தனை பல், பின்னால் ஃப்ரீவீலில் எத்தனை பல். அந்தப் பெண் சாக்பீஸால் ஒரு பல்லில் குறி வைத்துவிட்டு விரலால் எண்ண ஆரம்பித்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து வண்டியை நான் எண்ணினேன்.

முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது வந்துவிடும். கியர் வண்டிக்காரர் இந்தக் கணக்குப் பக்கமே போக வேண்டாம். கால் வலித்தால் விரலால் தட்டி மாற்றிக்கொள்வார். ஒற்றைக் கியர் வாங்குகிறவர் பிராண்டையோ கலரையோ வாங்கவில்லை, இந்த எண்ணை வாங்குகிறார். முன்பக்க ஷோரூமில் இதை ஒருவரும் சொல்வதில்லை. விலைச்சீட்டில் நிறம் இருக்கும், ஃப்ரேம் அளவு இருக்கும், பல் இருக்காது!

முதல் கொக்கியில் நம் கறுப்பு வண்டி. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், செயினை முழுசாக மூடிய கவர், பின்னால் ஒரு மூட்டை அரிசி தாங்கும் கேரியர். முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்ய ஆரம்பித்த காலத்திலிருந்து தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு இந்த உருவம் பழக்கம். தபால்காரர், பால்காரர், குரங்குப்பெடல் போட்ட நாம் எல்லோரும் இதில்தான். மேஸ்திரி சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, "போக்ஸ் கம்பியை எண்ணுங்க" என்றார். முன்னால் 32, பின்னால் 40! பாரம் பின்சக்கரத்தில்தானே விழுகிறது, அதனால் எட்டுக் கம்பி அதிகம். இத்தனை வருஷம் ஓட்டியவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்போம்?

இன்னொரு ரகசியம், பஞ்சர். முழுச் செயின்கவர் போட்ட வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றுவது பெரிய பாடு. அதனால் நம்மூர்ப் பஞ்சர்க்கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழியைப் பிடித்து, ஒட்டு போட்டு உள்ளே தள்ளிவிடுவார். மேல்நாட்டு மெக்கானிக் யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் கை தட்டுவார்.

பழைய வண்டி என்றதும் மேஸ்திரிக்கு அட்லஸ் சைக்கிள் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது. சாஹிபாபாத்தில் இருந்த அதன் தொழிற்சாலையை 2020 ஜூன் 3 அன்று மூடினார்கள். ஜூன் 3, உலக சைக்கிள் நாள். "நாளா பார்த்தானுங்க பாரு" என்று அவர் சொன்ன தொனியை அச்சில் கொண்டுவர முடியாது.

ஆக, கறுப்பு வண்டியையே வாங்கிவிடலாமா? புடவை, துப்பட்டா எதுவும் செயினில் மாட்டாது. மழைத்தண்ணீர் செயினைத் தொடாது. ஆனால் அந்த மழையில் பிரேக் பிடித்துப் பாருங்கள். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டைக்குப் பிடிமானம் போய்விடும். வண்டி தன் இஷ்டத்துக்கு, தன் நேரத்தில் நிற்கும். எடையும் அதிகம், அந்தப் பெண்ணின் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இறங்கியது கறுப்பு.

இரண்டாவது கொக்கி முதலாளி மகனின் கோட்டை. கல்லூரிப் பையன். மேஸ்திரியை மாமா என்று கூப்பிடுவான், ஒரு விஷயத்திலும் அவரோடு ஒத்துப்போக மாட்டான். தொங்குவது மெல்லிய டயர், நேர் ஹேண்டில், மஞ்சள் ரிம் போட்ட ஃபிக்ஸி. "அக்கா, இதோட பின்சக்கரத்தை ரெண்டு பக்கமும் பாருங்க" என்றான். ஒரு பக்கம் ஃப்ரீவீல், மிதிக்காவிட்டாலும் வண்டி ஓடும். மறுபக்கம் ஃபிக்சட் பல்சக்கரம். வண்டி ஓடினால் பெடலும் சுற்றியே தீரும், கால் ஓய முடியாது. சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் வண்டியின் குணமே மாறிவிடும்.

திருப்பி மாட்டுவது புதுசு என்று நினைக்கிறீர்களா? டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பித்த ஆன்றி தெகிரான்ஜுக்குக் கியர் மாற்றும் கருவியே ஆகாது. ஆல்ப்ஸ் மலையடியில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றி ஏறினார்கள். உச்சியில் மறுபடி இறங்கித் திருப்பினார்கள். 1937-ல்தான் அங்கே கியர் மாற்றியை அனுமதித்தார்கள். அதுவரை உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயத்தில் ஸ்பேனரும் ஒரு போட்டியாளர்!

பையன் சொன்ன அடுத்த விஷயத்தில் நான் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டேன். ஃபிக்சட் வண்டியில் பெடலைப் பின்னால் அழுத்திப் பிடித்துப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு வேகம் குறைப்பார்கள். ஒவ்வொரு முறையும் கால் ஒரே நிலையில்தான் பூட்டும். முன்பல் 48, பின்பல் 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்று. அப்படியானால் கால் பூட்டும்போதெல்லாம் டயரின் அதே இடம் தரையில் தேயும். ஒரே ஒரு இடம்! டயர் சீக்கிரம் ஓட்டை. பின்னால் ஒரு பல் கூட்டி 17 ஆக்கினால் 48-ம் 17-ம் வகுபடாது. தேய்வு டயரைச் சுற்றி 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும். ஒரு பல்லில் ஒரு டயரின் ஆயுள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் இந்தப் பின்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் வண்டியில என்னடா பல்லு?" என்றார் மேஸ்திரி.

"நாப்பத்தெட்டு... பதினாறு."

அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

பிரேக்? பையன் வண்டியில் இல்லை. அதுதான் ஸ்டைலாம். ஜப்பானில் கெய்ரின் பந்தயம் 1948-லிருந்து நடக்கிறது, அந்த வண்டிகளிலும் பிரேக் இல்லை என்றான். உண்மைதான். ஆனால் கெய்ரின் ஓடுவது வளைந்த பந்தயத் தடத்தில். அங்கே ஷேர் ஆட்டோ குறுக்கே நிற்காது. ஃபிக்சட் வண்டியானாலும் ரோட்டில் இறங்கினால் முன்சக்கரத்துக்கு பிரேக் வேண்டும் என்பது பிரிட்டனில் சட்டம். அண்ணா சாலையில் பிரேக் இல்லாமல் ஓட்டுவதை நான் தைரியம் என்று எழுத மாட்டேன்.

பிரேக் இருக்கிற ஃபிக்ஸியாகவே பார்த்தாலும் அந்தப் பெண்ணுக்கு இடித்த இடம் வேறு. மேஸ்திரி தன் சுண்டு விரலை டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே விடப் பார்த்தார். போகவில்லை. 28 மில்லிமீட்டர் டயருக்கு மேல் இதில் ஏறாது. மட்கார்டு மாட்ட ஓட்டையும் இல்லை. ஏரிக்கரைச் செம்மண், நவம்பர் மாத வேளச்சேரி மழை, இரண்டுக்கும் இது உதவாது.

மூன்றாவது கொக்கியில் குண்டு டயரும் முன்னால் ஷாக் அப்சார்பரும் வைத்த 26 அங்குல வண்டி. பிளஸ் டூ பையன்கள் முதலில் ஓடிவந்து தொடுவது இதைத்தான். முன் ஃபோர்க்கை அமுக்கினால் ஒரு முனகல். எடை முழுக்க அங்கேதான். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். மேஸ்திரி அதைப் பற்றிப் பேசவே இல்லை, நானும் நீட்டவில்லை.

நாலாவது வண்டிக்கு வருவோம். பார்த்தால் ஒரு கவர்ச்சியும் இல்லை. மண் நிறத்தில் ஸ்டீல் ஃப்ரேம், சாதாரண ஹேண்டில், வி-பிரேக். முன்பக்கத்தில் நிறுத்தியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பின்பக்கத்திலிருந்து பார்த்தாலோ, அடடா! டயர் 35 மில்லிமீட்டர். அதைச் சுற்றி மேஸ்திரியின் சுண்டு விரல் தாராளமாகப் போய் வந்தது. மட்கார்டுக்கு ஓட்டை, கேரியருக்கு ஓட்டை. அலாய் ரிம், நனைந்தாலும் இரும்பைவிட நன்றாகப் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அதன் காடி. பின் அச்சு உட்காருகிற வெட்டைத்தான் காடி என்கிறார்கள். கியர் வண்டியில் இது செங்குத்தாக இருந்தால் போதும். செயினின் தொய்வை கியர் மாற்றியின் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். ஒற்றைக் கியரில் அந்த ஸ்பிரிங் இல்லை. செயின் இறுக வேண்டுமானால் அச்சையே நகர்த்த வேண்டும், அதனால் காடி படுக்கையாக நீள வேண்டும். அதிலும் இரண்டு ஜாதி. ஃபிக்ஸியின் காடி பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும்; சக்கரத்தைப் பின்னால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும், மட்கார்டு மாட்டியிருந்தால் டயர் அதில் போய் முட்டும். இந்த நாலாவது வண்டியின் காடி முன்பக்கம் பார்த்துத் திறந்திருந்தது. சக்கரம் முன்னால் நழுவி, கீழே இறங்கி, கையில் வந்துவிடும். மழையில், இருட்டில், துரைப்பாக்கம் ரோட்டோரத்தில் பஞ்சர் ஆனால் இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து சர்லி கம்பெனி கிராஸ்-செக் என்று ஒரு ஃப்ரேம் செய்தது. இந்த ஜாதிக்கு அது பெரியண்ணன். அதில் பின்சக்கர ஹப் உட்காரும் இடைவெளி 132.5 மில்லிமீட்டர். ஏன் அந்த அரை? ரோடு சைக்கிள் ஹப் 130, மலை சைக்கிள் ஹப் 135. நடுவில் வைத்துவிட்டால் ஸ்டீல் கொஞ்சம் வளைந்துகொடுத்து இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்! இப்படி யோசித்தவரைத் தேடிப் போய்க் கை குலுக்க வேண்டும்போல் இருந்தது.

டிஸ்க் பிரேக் வேண்டாமா என்று அந்தப் பெண் கேட்டார். மேஸ்திரி காடியைக் காட்டினார். செயினை இறுக்க அச்சை நகர்த்தினால் டிஸ்க் தகடும் கூடவே நகரும்; அதைக் கவ்வும் பிரேக் ஃப்ரேமில் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கென்று நகரும் காடி வைத்த ஃப்ரேம்கள் இருக்கின்றன, விலையும் அதற்கேற்ப. "வி-பிரேக் கட்டை தேஞ்சா எந்தத் தெருமுனையிலயும் கிடைக்கும்மா" என்றார். பேச்சு முடிந்தது.

இப்போதுதான் பின்கட்டின் உச்சக் காட்சி. நாலாவது வண்டியின் பல்: முன்னால் 44, பின்னால் 16. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 6 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 28 கிலோமீட்டருக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேளச்சேரி ரோட்டில் எத்தனை சிக்னல்? ஒவ்வொன்றிலும் நின்று, நின்ற இடத்திலிருந்து அந்த 6 மீட்டரை முழங்கால்தானே இழுக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வேறு கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று எந்தப் பக்கமிருந்து தள்ளும், எந்தப் பக்கமிருந்து தடுக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஒற்றைக் கியரில் காற்றும் ஒரு மேம்பாலம்தான்.

"பதினெட்டு போடறேன்" என்றார் மேஸ்திரி. 44-க்கு 18 என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 5.3 மீட்டர், அதே 80 சுற்றுக்கு மணிக்கு 25 கிலோமீட்டர். இறக்கத்தில் கால் காற்றில் சுற்றும், சும்மா வைத்துக்கொண்டு உருளலாம். பையன் முகம் சுளித்தான், 18 கிழவர்களுக்காம். நான் என் ஸ்டூலிலிருந்து, இறக்கிவைத்த கறுப்பு வண்டியில், கவருக்குள்ளே, எத்தனை பல் என்று கேட்டேன். 44, 18! இத்தனை கணக்கும் போட்டு வந்து சேர்ந்த இடத்தில் தபால்காரர் ஏற்கெனவே சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார்.

ஃப்ரீவீலைக் கழற்றுவதை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். மிதிக்க மிதிக்க இறுகும் மறை அது. ஓட்டிய வண்டியானால் மாதக்கணக்கில் ஒருவர் தன் முழு எடையால் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருப்பார். கை ஸ்பேனர் பலிக்காது. மேஸ்திரி ஒரு கவ்வியை வைஸில் இறுக்கி, அதன்மேல் சக்கரத்தைப் படுக்க வைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை. பையன் ஒரு பக்கம் பிடித்தான். "டக்" என்று ஒரு சத்தம். எனக்கு ஏதோ உடைந்துவிட்டது என்றே தோன்றியது. உடையவில்லை. 16 பல் ஃப்ரீவீல் சமர்த்தாகச் சுழன்று வெளியே வந்தது. மறையில் கிரீஸ் தடவி 18-ஐக் கையாலேயே ஏற்றினார். மீதியை அந்தப் பெண்ணின் காலே இறுக்கிக்கொள்ளும்.

சக்கரம் கையில் இருக்கும்போதே கோட்டம் பார்த்தார். கியர் வண்டியின் பின்சக்கரத்தில் பல்சக்கர அடுக்குக்கு இடம் விட்டு வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், இழுவிசை அங்கே கூடும், உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒற்றைக் கியரில் இரண்டு பக்கமும் சரிசமம். மேஸ்திரி கம்பிகளை விரலால் மீட்டினார். இடமும் வலமும் ஒரே சுருதி.

இரண்டு பல் கூடியதே, செயின் நீளம் போதுமா? நான் கேட்டேவிட்டேன். ஒரு பல்லுக்கு அச்சு அரைக்கால் அங்குலம் முன்னே வரும், இரண்டு பல்லுக்குக் கால் அங்குலம். காடியில் அதற்கு மேலேயே இடம் இருந்தது. செயினை மாட்டி, பெடலை மெல்லச் சுற்றிக்கொண்டே, நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தார். செயின்வீல் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, மரச்சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு. மறுபடி சுற்றல், மறுபடி தட்டு. கடைசியில் செயின் மேலும் கீழும் அரை அங்குலம் ஆடுகிற அளவுக்கு வைத்து நட்டைப் பூட்டினார். பெடலைச் சுழற்றிவிட்டார். சத்தமே இல்லை. சக்கரம் சுற்றுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பெண் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். சீட்டை ஒரு விரல் ஏற்றச் சொன்னார், மணி கேட்டார், 18 பல்லுக்குத் தனி விலையா என்று முதலாளியோடு பேரம் பேசி அதை மணியோடு சேர்த்து ஒரே தொகையாக முடித்தார். "செயின் நீண்டுபோச்சான்னு எப்படிண்ணா தெரியும்?" என்ற கேள்விக்கு மேஸ்திரி ஸ்கேலை எடுத்துக் காட்டினார். அரை அங்குலக் கண்ணி 24 எண்ணினால் 12 அங்குலம். அது பன்னிரண்டே அரைக்கால் ஆகிவிட்டால் செயினோடு பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். முனை சிக்னலில் நின்றதையும், பச்சை விழுந்ததும் பக்கத்து ஸ்கூட்டருக்கு முன்னால் பாய்ந்ததையும் நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம்.

உள்ளே வந்ததும் பையன் மேஸ்திரியின் காதருகே போய்க் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான், எனக்கு விழுந்துவிட்டது.

"மாமா, பதினேழு பல்லு ஃபிக்சட் ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. முன்னாடி ஒரு பிரேக் மாட்டு, தரேன்."